கரையத் தெரிந்த பூச்சு

இடுப்பு மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று இரவு அக்கா போன் செய்தாள். அழவில்லை, புலம்பவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள். "நீ வருஷக்கணக்கா ஏதோ கம்பிக்கு வெள்ளைப் பவுடர் அடிச்சிட்டு இருந்தியே, அதையா எனக்குள்ள வைக்கப் போறாங்க?"

அதைத்தான். கம்பி இல்லை, தொடை எலும்புக்குள் இறக்குகிற, டைட்டானியம் கலவையில் செய்த தண்டு. அந்தப் பவுடருக்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்று ஒரு பெயர் உண்டு. மற்றபடி அவள் சொன்னதில் தப்பில்லை. ஆறு வருடம் என் பிழைப்பே அதுதான். முதல் நான்கு வருடம் ஆய்வு மாணவனாக, அப்புறம் இரண்டு வருடம் இம்பிளான்ட்டுகளுக்கு, அதாவது உடலுக்குள் வைக்கும் செயற்கை உறுப்புகளுக்கு, பூச்சு போடும் இடத்தில் தரப் பரிசோதனையில். அந்த ஆறு வருடத்தில் ஒரு நோயாளியைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கு எலும்பு என்றால் பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்த ஓர் உப்புக் கரைசல். நான் கற்றதில் எது நோயாளிக்கு உதவும், எது பரிசோதனைக்கூடத்தோடு சரி என்பது அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

அக்காவுக்கு 46 வயது. வேறு ஒரு நோய்க்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்ததில் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அது உள்ளுக்குள்ளேயே செத்துவிட்டது. ஏவிஎன் என்பார்கள். வயது குறைவு, எலும்பும் ஓரளவு நன்றாக இருக்கிறது என்பதால் சிமென்ட் வைத்து ஒட்டாமல், எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும் வகை வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

அவள் இணையத்தில் தேடியதில் முதல் குழப்பம் வந்தது. "செராமிக் உடையுமாம். நடக்கும்போது கீச்சுன்னு சத்தம் வருமாம். எனக்கு வேண்டாம்" என்றாள். இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது. ஒரே மூட்டுக்குள் செராமிக் இரண்டு வேலைக்கு வருகிறது, இரண்டும் நேர் எதிரானவை. ஒன்று தண்டின் உச்சியில் உட்காரும் பந்து. அலுமினாவிலோ சிர்க்கோனியா கலந்த அலுமினாவிலோ செய்து, கண்ணாடி போல மெருகேற்றியிருப்பார்கள். வழுக்குவதுதான் அதன் வேலை, அதன்மேல் எதுவும் ஒட்டக் கூடாது. சத்தம், உடைவு என்று படிப்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பந்தையும், அது உட்காரும் செராமிக் உள்கிண்ணத்தையும் பற்றியவை. இன்னொன்று பூச்சு. சொரசொரப்பானது, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது, எலும்புக்குள் புதைந்திருப்பது. அது வழுக்கவே கூடாது. போதாக்குறைக்குத் தங்க நிறத்தில் டைட்டானியம் நைட்ரைடு பூசிய இம்பிளான்ட்டுகளும் இருக்கின்றன. அந்தப் பூச்சு உரசலையும் உலோக அயனிகள் கசிவதையும் குறைக்க. அதனால் யாராவது 'செராமிக்' என்றால் "பந்தா, பூச்சா?" என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது. அந்தத் தாது ஹைட்ராக்ஸிஅபடைட்டின் நெருங்கிய உறவு. சுத்தமான ஹைட்ராக்ஸிஅபடைட்டில் கால்சியம், பாஸ்பரஸ் அணுக்களின் விகிதம் 1.67. எலும்பில் இருப்பது அவ்வளவு சுத்தமில்லை, கார்பனேட், மக்னீசியம், சோடியம் எல்லாம் கலந்து மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும். சரி, எலும்புக்கு இவ்வளவு பழக்கமான பொருளென்றால் முழு மூட்டையும் அதிலேயே செய்துவிடலாமே? முடியாது. சுண்ணாம்புக் கட்டி போல 'பட்'டென்று உடைந்துவிடும். பாரத்தை உலோகம்தான் தாங்க வேண்டும். ஆனால் உலோகத்தை எலும்பு அந்நியனாகப் பார்க்கலாம். அதனால் உலோகத்துக்கு எலும்பின் சாயலில் ஒரு மெல்லிய சட்டை. தடிமன் பெரும்பாலும் 50 முதல் 150 மைக்ரான். ஏறத்தாழ ஒன்றிரண்டு தலைமுடித் தடிமன்.

இந்தச் சட்டையைப் போட நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தூளைக் கடும் சூட்டில் உருக்கி உலோகத்தின் மேல் அடிக்கும் எங்கள் பிளாஸ்மா ஸ்பிரே கருவியை இயக்கியவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். பட்டம் எதுவும் இல்லை. பட்டம் வாங்க வந்த எங்கள் எல்லோருக்கும் வேலை கற்றுக் கொடுத்தவர் அவர்தான். பூச்சு போடுமுன் உலோகத்தின் மேல் அலுமினாத் துகள்களை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்க வேண்டும், அதுதான் கிரிட் பிளாஸ்டிங். நான் ஒரு வெள்ளிக்கிழமை சோதனைக்கான முப்பது உலோக வில்லைகளை அப்படி அடித்து, பெட்டியில் போட்டு மூடிவிட்டு, திங்கட்கிழமை ஸ்பிரேக்குக் கொண்டுபோனேன். எடுத்து வைக்கும்போது வெறும் விரலால் தொட்டேன். அண்ணன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பிரே முடிந்தது, வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. மறுநாள் வில்லைகளை வெட்டும்போது ஓரத்திலிருந்து பூச்சு அப்படியே சில்லு சில்லாகக் கழன்று வந்தது.

"சுவரைக் கொத்தாம பூசினா நிக்குமா தம்பி?"

"கொத்தினேனே அண்ணே."

"கொத்திட்டு மூணு நாள் போட்டு வெச்சா தூசி படியாதா? கை எண்ணெய் படியாதா? அன்னைக்கே சொல்லியிருந்தா மறந்துருப்ப. இனி மறக்க மாட்ட."

மறக்கவில்லை. துகள் அடித்தால் உடனே அல்ட்ராசோனிக்கில் கழுவு, உலர்த்து, அன்றைக்கே பூசு. கையுறை இல்லாமல் தொடாதே. எனக்குப் பின்னால் வந்த மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான். அவர்களும் ஒருமுறை கழன்று வந்த பிறகுதான் நம்பினார்கள்.

அடுத்த தப்பு பேராசை. மெல்லிய பூச்சே நல்லது செய்கிறதென்றால் தடித்தது இன்னும் நல்லது செய்யுமே என்று 250 மைக்ரானுக்குப் போனேன். ஆறும்போதே வெடித்தது. சூட்டில் ஹைட்ராக்ஸிஅபடைட் டைட்டானியத்தைவிட அதிகமாக விரியும், ஆறும்போது அதிகமாகச் சுருங்கும். கீழே இருக்கும் உலோகம் அந்த அளவுக்குச் சுருங்க விடாது. அதனால் பூச்சு எப்போதும் இழுபட்ட நிலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. தடிமன் கூடக் கூட அந்த இழுவிசை கூடிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் கழற்றிவிடுகிறது. இம்பிளான்ட்டில் ஏன் இவ்வளவு மெல்லியதாகப் போடுகிறார்கள் என்று அக்கா கேட்டபோது, "தடியாப் போட்டா அதுவே தன்னைக் கிழிச்சுக்கும்" என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தது. அந்த ஒரு வரிக்கு எனக்கு நான்கு மாதம் ஆனது.

பூச்சு எவ்வளவு பிடிப்பாக இருக்கிறது என்று பார்க்க, அதன்மேல் ஒரு உலோக உருளையைப் பசையால் ஒட்டி இழுப்பார்கள். ஐஎஸ்ஓ தரத்தின்படி குறைந்தது 15 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் பூச்சில் சுமார் 150 கிலோவைத் தொங்கவிடுவதற்குச் சமம். என் முதல் அளவீட்டில் 38 வந்தது. என் ஆய்வு வழிகாட்டியான மேடத்திடம் ஓடினேன். அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. "உடைஞ்ச முகத்தைக் காட்டுங்க" என்றார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், நான் பயன்படுத்திய திரவப் பசை பூச்சின் துளைகள் வழியாக ஊறி உலோகம்வரை போயிருந்தது. நான் அளந்தது பசையின் வலிமையை. ஊறாத படலப் பசையைப் போட்டு மறுபடி அளந்ததில் எண் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. இழுவிசைச் சோதனையில் எண்ணைவிட முக்கியம் எங்கே உடைந்தது என்பது. இதைச் செய்கிற மாணவர் யாராவது படித்தால், உடைந்த முகத்தின் படம் இல்லாமல் அந்த எண்ணை எழுதாதீர்கள்.

இப்போது சூட்டுக்கு வருகிறேன், என் பெரிய முட்டாள்தனம் அங்கேதான். பிளாஸ்மாவின் நடுப்பகுதி 10,000 டிகிரிக்கு மேல் போகும். தூள் அதற்குள் மில்லி நொடிகள்தான் இருக்கும். அதற்குள் மேல்பகுதி உருகி, உலோகத்தில் மோதித் தட்டையாகி, அந்தக் கணமே உறைந்துவிடும். உறையும் அவசரத்தில் அணுக்கள் வரிசையாக அடுக்கிக்கொள்ள நேரமில்லை. அதனால் பூச்சில் ஒரு பகுதி படிகமாக இல்லாமல் ஒழுங்கற்றுக் கிடக்கும். இன்னொரு பகுதி சூட்டில் சிதைந்து வேறு கால்சியம் பாஸ்பேட்டுகளாக மாறிவிடும். சில சமயம் கால்சியம் ஆக்சைடே வந்துவிடும். பூச்சில் என்னென்ன படிகங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விலகல் வரைபடத்தில் 37.4 டிகிரி அருகே அது தலை நீட்டினால் எங்கள் கூடத்தில் அன்றைக்கு யாரும் பேச மாட்டார்கள்.

ஒழுங்கற்ற பகுதி உடல் திரவத்தில் வேகமாகக் கரையும். எனக்கு அது குறையாகப் பட்டது. கரைகிற பூச்சு ஒரு பூச்சா? உலையில் 650 டிகிரியில் வைத்துச் சூடாக்கினேன். ஒழுங்கற்ற பகுதி படிகமானது. வரைபடத்தில் கோடுகள் ஊசி ஊசியாக நின்றன. கரையவே கரையாத, சுத்தமான பூச்சு. நான் செய்ததிலேயே சிறந்தது என்று நினைத்தேன்.

அதை உடல் திரவத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். உண்மையான உடல் திரவம் இல்லை. கியோட்டோவில் கொகுபோவும் அவர் குழுவினரும் உருவாக்கிய செயற்கைக் கரைசல், ரத்தப் பிளாஸ்மாவில் இருக்கும் அயனிகள் ஏறக்குறைய அதே அளவில், பி.எச். 7.4, வெப்பம் 36.5 டிகிரி. நல்ல பொருள் என்றால் சில நாட்களில் அதன்மேல் புதிதாக அபடைட், அதாவது எலும்புத் தாது போன்ற படிவு, படியும். கேட்க எளிதாக இருக்கிறது, கலக்கிப் பார்த்தால்தான் தெரியும். உப்புகளைச் சொன்ன வரிசையில்தான் போட வேண்டும், ஒன்று கரைந்த பிறகே அடுத்தது. நான் கண்ணாடிக் குடுவையில் கலந்தேன். கண்ணாடியின் சுவரிலேயே படிய ஆரம்பித்தது. பிளாஸ்டிக்குக்கு மாறினேன். ஒருநாள் லேசாகக் கலங்கியது. வடிகட்டிப் பயன்படுத்திவிட்டேன், இரண்டு வார முடிவுகள் குப்பைக்குப் போயின. கலங்கினால் கொட்டிவிட வேண்டும், வேறு வழியே இல்லை.

அப்புறம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அழகான கனசதுரப் படிகங்கள் தெரிந்தன. அபடைட் என்று நினைத்துக் குழுவுக்கே காட்டினேன். சாதாரண உப்பு. வில்லையைச் சரியாக அலசாமல் உலர்த்தியிருக்கிறேன். இன்னொரு தடவை கால்சியம், பாஸ்பரஸ் விகிதம் எங்கேயோ போனது. கரைசலையும் பூச்சையும் சந்தேகித்து ஒரு மாதம் வீணானது. கடைசியில் பார்த்தால் நுண்ணோக்கிக்காக மேலே அடித்த தங்கம்தான் காரணம். தங்கத்தின் ஒரு எக்ஸ்ரே கோடு 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், பாஸ்பரஸின் கோடு 2.01-ல். பக்கத்துப் பக்கத்து வீடு. கருவி குழம்பிவிடுகிறது. பாஸ்பரஸை அளக்க வேண்டுமென்றால் கார்பன் பூச்சு போடுங்கள், தங்கம் வேண்டாம், பிளாட்டினமும் வேண்டாம்.

இதையெல்லாம் தாண்டி ஒழுங்கான முடிவு வந்தபோது, நான் கேவலம் என்று நினைத்த சூடாக்காத பூச்சின் மேல் புதிய அபடைட் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. என் சிறந்த பூச்சு போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மேடம் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கரையாம இருக்கிறதுல என்ன பெருமை? பீங்கான் தட்டுகூடத்தான் கரையாது. எலும்பு அதுல போய் ஒட்டுமா?"

எலும்பு எப்படி ஒட்டுகிறது என்று அதற்கு முன் பத்துக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது. இங்கே பசை என்று ஒன்று கிடையாது. எலும்புக்குள் தண்டை இறக்கியதும் முதலில் வந்து தொடுவது ரத்தம். அதிலுள்ள புரதங்கள் பூச்சின் மேல் படிகின்றன. பூச்சின் வெளிப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தண்டுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள அந்தக் குறுகிய சந்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் அளவுக்கு மேல் சேர்ந்துவிடுகின்றன. அதற்குமேல் கரைசலில் தங்க முடியாமல் நுண்ணிய படிகங்களாகத் திரும்பப் படிகின்றன, இந்த முறை கார்பனேட்டும் சேர்த்து, எலும்புத் தாது போலவே. எலும்பு கட்டும் செல்கள் அங்கே வந்து உட்கார்ந்து கொலாஜன் நார்களை நெய்கின்றன. படிகங்கள் அந்த நார்களுக்குள் புகுந்துகொள்கின்றன. எங்கே பூச்சு முடிகிறது, எங்கே எலும்பு தொடங்குகிறது என்று கோடு போட முடியாதபடி ஆகிறது. எலும்பு பழைய சுவரிலிருந்து மட்டும் வளர்ந்து வருவதில்லை, பூச்சின் மேலிருந்தும் எதிர்ப்பக்கமாக வளர்கிறது. இரண்டும் நடுவில் சந்திப்பதால் ஒரு மில்லிமீட்டர் அளவுச் சந்துகூட அடைபட வாய்ப்பு உண்டு. பூச்சு கரையவே இல்லையென்றால் இந்தப் பேச்சுவார்த்தை மந்தமாகவே நடக்கும். ஒரேயடியாகக் கரைந்துவிட்டாலோ, எலும்பு வந்து சேருமுன் பூச்சு காணாமல் போய்விடும். தரக்கட்டுப்பாட்டில் படிகத்தன்மைக்கு ஒரு கீழ் எல்லை வைத்திருப்பது அதற்காகத்தான். நான் அதை மேலே மேலே ஏற்ற வேண்டிய மதிப்பெண்ணாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

எலும்பு அந்நியப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் என்பதே ஒரு தொந்தரவாகத்தான் உலகுக்குத் தெரியவந்தது. ஸ்வீடனில் பிரேனமார்க் 1952-ல் முயல் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியக் குழல் வைத்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை, எலும்பு பிடித்துவிட்டிருந்தது. 1965-ல் அதை வைத்து முதல் நோயாளிக்குப் பல் வேர் பொருத்தினார். அமெரிக்காவில் லாரி ஹென்ச் 1969-ல் செய்த கண்ணாடித் துண்டுகளை எலி எலும்பில் வைத்தார்கள். அங்கேயும் அதே புகார்தான், எடுக்க வரவில்லை என்று. அந்தக் கண்ணாடியும் கரைகிற ரகம்தான் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். ஹைட்ராக்ஸிஅபடைட் பூசிய இடுப்பு மூட்டு 1985-ல் லண்டனில் ரொனால்டு ஃபர்லாங் என்ற அறுவை மருத்துவரால் வைக்கப்பட்டது. அடுத்த வருடமே நெதர்லாந்தில் கீசிங்க் என்ற மருத்துவரும் வைக்க ஆரம்பித்தார்.

இந்த அறிவையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அக்காவோடு டாக்டரைப் பார்க்கப் போனேன். கையில் பதினோரு கேள்விகள். படிகத்தன்மை எவ்வளவு, தடிமன் எவ்வளவு, தண்டு முழுக்கவா மேல்பாதி மட்டுமா. அவர் பொறுமையாகக் கேட்டார். நான்காவது கேள்வியில் நிறுத்தினார். "உங்க பூச்சு நல்லாத்தான் இருக்கும். ஆனா நான் ஸ்டெம்மை லூசா வெச்சுட்டா அதால ஒண்ணும் பண்ண முடியாது."

வாயடைத்துவிட்டது. பரிசோதனைக்கூடத்தில் என் வில்லைகள் பாட்டிலுக்குள் அசையாமல் கிடந்தன. மனிதர்கள் நடக்கிறார்கள். அவர் ஸ்டெம் என்றது தண்டைத்தான். அது எலும்புக்குள் இறுக்கமாக அறைந்து வைக்கப்பட வேண்டும், அந்த இறுக்கம்தான் முதல் பிடிப்பு. எலும்பு வளர்ந்து பிடிப்பது வாரக்கணக்கில் பிறகு வருவது. நடுவிலுள்ள நாட்களில் ஒவ்வோர் அடிக்கும் தண்டு சில பத்து மைக்ரான் அசைந்தால் பரவாயில்லை. 150 மைக்ரான் போல அசைந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த் திசு வளர்ந்துவிடும். டென்மார்க்கில் சோபாலே என்ற ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் நாய்களில் செய்த சோதனைகள் இதைக் காட்டின. அதே சோதனைகளில் என் பூச்சுக்கு ஓர் ஆறுதலும் கிடைத்தது. பூச்சுள்ள பொருளைச் சுற்றியிருந்த நார்த் திசு நாளடைவில் எலும்பாக மாறியது. வெறும் டைட்டானியத்தில் அது அப்படி நடக்கவில்லை.

அதனால் நீங்களோ உங்கள் வீட்டாரோ இந்த அறுவைக்குப் போவதாக இருந்தால், பூச்சைப் பற்றிய கேள்விகளைவிடப் பயனுள்ளவை வேறு இருக்கின்றன. ஸ்டெம் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்தது, எலும்பில் விரிசல் ஏதும் விழுந்ததா, அதை வைத்து எவ்வளவு நாள் எவ்வளவு எடை வைக்கலாம் என்று அறுவை முடிந்ததும் கேளுங்கள். அக்காவின் எலும்பு ஓரிடத்தில் மெலிந்திருந்ததால் ஆறு வாரம் வாக்கரோடு பாதி எடைக்கும் குறைவாகத்தான் ஊன்ற வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா மறுநாளே முழு எடை வைத்து நடந்தார். அக்காவுக்கு அது பெரிய மனக்குறை. "அவங்களுக்கு மட்டும் உங்க பவுடர் சீக்கிரம் ஒட்டுமா?" பவுடர் ஒன்றுதான், எலும்புச் சுவர்தான் வேறு. இன்றைக்கு நிறையப் பேருக்கு முதல் நாளே முழு எடை அனுமதிக்கிறார்கள். உங்களுக்கு எது என்பதை உங்கள் எலும்பைத் திறந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும், பக்கத்துக் கட்டிலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இருபது கிலோ எடை வையுங்கள் என்றால் யாருக்குத் தெரியும் இருபது கிலோ எவ்வளவு என்று? பிசியோதெரபி செய்தவர் ஒரு எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, அந்தக் காலை அதன்மேல் ஊன்றச் சொன்னார். அக்கா இருபது என்று நினைத்து ஊன்றியது முப்பத்தைந்தைத் தாண்டியது. தினமும் காலையில் நாலைந்து முறை அப்படி ஊன்றிப் பழகினாள். ஒரு வாரத்தில் கால் கற்றுக்கொண்டது. இவ்வளவு எளிமையான ஒன்றை ஏன் எல்லோருக்கும் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

நேராக நடப்பதைவிடத் தண்டுக்குச் சோதனை தருவது முறுக்கு விசை. படி ஏறும்போதும், தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழும்போதும் தண்டு எலும்புக்குள் திருகப் பார்க்கும். வீட்டில் நாற்காலிக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினோம். படியை முதல் சில வாரங்களுக்குத் தவிர்த்தோம், தவிர்க்க முடியாதபோது நல்ல காலை முதலில் வைத்து ஏறினாள்.

கிருமி விஷயம் தனி. இம்பிளான்ட்டின் மேற்பரப்பு உடலின் செல்களுக்கு மட்டும் பிடித்தமானதல்ல, பாக்டீரியாவுக்கும்தான். ஆன்டனி கிரிஸ்டினா என்பவர் 1987-ல் இதை மேற்பரப்புக்கான பந்தயம் என்று எழுதினார். யார் முதலில் வந்து உட்காருகிறார்களோ இடம் அவர்களுக்கு. அக்காவுக்கு அறுவைக்கு முன் பல்லைப் பரிசோதித்தார்கள், ரத்தச் சர்க்கரையைப் பார்த்தார்கள், தோலில் புண் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சொத்தைப் பல் ஒன்று இருந்ததால் மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. புகை பிடிப்பவர்களை நிறுத்தச் சொல்வதும் வெறும் அறிவுரை இல்லை. புகை எலும்பு ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

ஆறாவது வார எக்ஸ்ரேவுக்கு நான் ஆவலாகப் போனேன், என் பூச்சு வேலை செய்வதைப் பார்க்கப் போகிறேன் என்று. ஒன்றும் தெரியவில்லை. பூச்சு எக்ஸ்ரேவில் தெரியாது, எலும்பு ஒட்டியதா என்பதும் நேராகத் தெரியாது. டாக்டர் பார்த்ததெல்லாம் வேறு. தண்டின் தோள்பகுதிக்கும் தொடை எலும்பின் மேல்முனைக்கும் உள்ள தூரத்தை அளந்து, முதல் படத்தோடு ஒப்பிட்டார். தண்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று தேடினார். தூரம் இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது, அதாவது தண்டு இறங்கியிருந்தது. அக்கா என் முகத்தைத்தான் பார்த்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஆரம்பத்துல கொஞ்சம் உட்காரும். நின்னுடுச்சான்னுதான் பார்க்கணும், அதுக்கு அடுத்த படம் வேணும்."

அதனால் முதல் படத்தைத் தொலைக்காதீர்கள். ஒரே படத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது, வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம். இம்பிளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கர்களின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்ன வகை, என்ன அளவு, என்ன பூச்சு என்பது அதில்தான் இருக்கிறது. என்றைக்காவது வேறு டாக்டர் திறக்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மூன்றாவது மாதப் படத்தில் தூரம் மாறவில்லை. தண்டு நின்றுவிட்டது. ஒரு வருடப் படத்தில் தண்டுக்கும் எலும்புச் சுவருக்கும் நடுவே இரண்டு இடங்களில் வெள்ளையாகப் பாலம் போல எலும்பு தடித்திருந்ததை டாக்டர் பேனா முனையால் காட்டினார். நானாக இருந்தால் கவனித்திருக்க மாட்டேன். நடுவில் சில மாதம் அக்காவுக்குத் தொடையில் ஒரு வலி இருந்தது. நாளாக ஆகக் குறைந்து போய்விட்டது. நன்றாக இருந்து, பிறகு எழுந்து நடக்கும் முதல் சில அடிகளில் வலி புதிதாக வந்து, நாளுக்கு நாள் கூடினால் அதுதான் கவனிக்க வேண்டியது, தண்டு கழன்றிருக்கலாம் என்றார் டாக்டர்.

இந்தப் பூச்சு உண்மையிலேயே தேவைதானா என்று என்னையே கேட்டுக்கொண்டதும் உண்டு. ஸ்வீடனின் இடுப்பு மூட்டுப் பதிவேட்டிலிருந்து 4,772 இடுப்புகளை எடுத்து 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே வகைத் தண்டு, பூச்சு உள்ளதும் இல்லாததும். எத்தனை நாள் நீடித்தது என்பதில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சொரசொரப்பான டைட்டானியமே நல்ல அறுவையில் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. படித்த அன்று கொஞ்சம் வலித்தது, ஆறு வருடம் ஆயிற்றே. என் கணிப்பில், எல்லாம் சரியாக நடக்கும்போது பூச்சின் உதவி கணக்கில் தெரியாது. சந்து கொஞ்சம் அகலமாகிப்போனவர்களுக்கும், முதல் வாரங்களில் லேசாக அசைந்துவிட்டவர்களுக்கும்தான் அது கைகொடுக்கும். அக்கா அந்த இரண்டாவது வகையா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவள் மட்டும் அடித்துச் சொல்கிறாள், இரண்டு மில்லிமீட்டரில் நிறுத்தியது என் பவுடர்தான் என்று.

போன வாரம் படி ஏறிக்கொண்டே கேட்டாள், "அந்தப் பவுடர் இப்ப உள்ள எவ்வளவு மிச்சம் இருக்கும்?"

"கொஞ்சம் கரைஞ்சிருக்கும், கொஞ்சத்தை எலும்புச் செல்லே அரிச்சு எடுத்திருக்கும். அந்த இடத்துல உன் எலும்பு இருக்கும்."

"அப்ப இன்னும் சில வருஷத்துல நீ பண்ணது எதுவுமே இருக்காதா?"

"இருக்காதுன்னு இல்ல. அங்கங்க கொஞ்சம் இருக்கும்."

அவளுக்கு அது பெரிய சிரிப்பாக இருந்தது. அடுத்த எக்ஸ்ரே ஐந்தாவது வருடத்தில். வலி இல்லாததால் மறந்துவிடுவாள் என்று தேதியை என் போனில் போட்டு வைத்திருக்கிறேன்.